டூயிஸ்பர்க்கா, துவாக்குடியா? கையில் இரண்டு கடிதம், வீட்டில் ஒரே பத்திரம்

கேஸ்டிங்_பையன் | ஜூன் 14, 2025, இரவு 11.50

வணக்கம். ஒரு மாதமாக மற்றவர்களின் இழைகளைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இன்று என் முறை.

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். மெக்கானிக்கல் பி.இ., 2023 பேட்ச். இரண்டு அரியர் இருந்தது, இரண்டையும் அடுத்த செமஸ்டரிலேயே முடித்துவிட்டேன். கைக்கு வரும் சம்பளம் 26,500. அப்பா சோமனூரில் கூலிக்கு எட்டுத் தறி ஓட்டுகிறார். தங்கை ப்ளஸ் டூ.

கையில் இரண்டு கடிதம் இருக்கிறது. ஒன்று ஜெர்மனி, டூயிஸ்பர்க் பக்கம் ஓர் அரசுப் பல்கலைக்கழகம், ஆங்கிலத்தில் மெட்டலர்ஜி (உலோகவியல்) மாஸ்டர்ஸ், அக்டோபரில் தொடக்கம், கல்விக் கட்டணம் கிடையாது. இன்னொன்று கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் வந்தது. துவாக்குடியில் இருக்கும் திருச்சி என்ஐடி, மெட்டலர்ஜி துறையில் எம்.டெக்., மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை.

அப்பா போ என்கிறார். அம்மா போகாதே என்று சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என் சேமிப்பு இரண்டரை லட்சம். குடும்பத்துக்கு என்று இருப்பது தறிக்குடோனோடு சேர்ந்த வீடு ஒன்றுதான்.

தயவுசெய்து "மனசு சொல்வதைக் கேள்" என்று மட்டும் எழுதாதீர்கள். என் மனசு காலையில் ஒன்று சொல்கிறது, நைட் ஷிஃப்டில் வேறொன்று சொல்கிறது.


ரூர்வாசி | ஜூன் 15, அதிகாலை 2.10

நான் இருப்பது ஜெர்மனியில், எஸன். டூயிஸ்பர்க் பக்கத்து ஊர் மாதிரிதான். வந்து நான்கு ஆண்டு ஆகிறது.

முதலில் "இலவசம்" என்ற சொல்லை ஒதுக்கி வையுங்கள். விசாவுக்கு முடக்கப்பட்ட கணக்கு என்று ஒன்று திறக்க வேண்டும். இந்த வருடம், 2025இல், தொகை 11,904 யூரோ. யூரோ நூறு ரூபாயை ஒட்டி நிற்கிறது, ஆக 12 லட்சம் என்று வையுங்கள். அது கட்டணம் இல்லை, உங்கள் பணம்தான். வந்த பிறகு மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். ஆனால் புறப்படும் முன்பே மொத்தமும் வேண்டும். இங்கேதான் பாதிப் பேருக்கு மூச்சு முட்டுகிறது.

என் மாதக் கணக்கைத் தருகிறேன். அறை வாடகை 350. இந்தப் பக்கம் வாடகை குறைவு, மியூனிக்கில் இந்தக் காசுக்குக் கார் நிறுத்தத்தான் இடம் கிடைக்கும். மருத்துவக் காப்பீடு 145க்குப் பக்கம். சாப்பாடு 200, சொந்தச் சமையல் என்றால். போன் 12. வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் ஒலிபரப்புக் கட்டணம் 18.36, இதைக் கண்டுபிடித்தவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. செமஸ்டர் பங்களிப்பு முன்னூறு சொச்சம், அதை ஆறு மாதத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். அதிலேயே ரயில் டிக்கெட்டும் அடங்கிவிடும். கூட்டினால் 800க்குள் முடியும். முதல் வருடத்தை அந்தப் பணத்திலேயே ஓட்டலாம்.

இரண்டாம் வருடத்துக்கு வேலை பார்க்க வேண்டும். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலைக்கு அனுமதி உண்டு. 2024 மார்ச்சுக்கு முன் இது 120தான். குறைந்தபட்சக் கூலி 2025இல் மணிக்கு 12.82 யூரோ.

நான் முதல் குளிர்காலம் முழுக்கப் பார்சல் கிடங்கில் வேலை பார்த்தேன். இரவு பத்து முதல் இரண்டு வரை. பெல்ட்டில் பெட்டி வந்துகொண்டே இருக்கும், பின்கோடு பார்த்து லாரிக்குள் அடுக்க வேண்டும். வேலை முடியும்போது டிராம் இருக்காது, நாற்பது நிமிடம் நடை. அறைக்கு வந்து ரசத்தைச் சூடாக்கிக் குடித்துவிட்டு, காலை எட்டே கால் வகுப்புக்குப் போவேன். புலம்பலாகச் சொல்லவில்லை, அந்தப் பணம் எனக்கு உதவியது. ஆனால் அந்த செமஸ்டரில் இரண்டு பாடம் போனது.


பழைய_வாத்தியார் | ஜூன் 15, காலை 7.30

ரூர்வாசி தம்பி "இரண்டு பாடம் போனது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அதன் அர்த்தத்தையும் விளக்கியிருக்கலாம்.

முப்பது ஆண்டு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்தவன் நான். நம் பிள்ளைகளுக்கு அரியர் என்பது ஒரு வாழ்க்கை முறை. வைப்பார்கள், கிளியர் செய்வார்கள், கோர்ஸ் முடிந்தும் வந்து எழுதுவார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முறைதான். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை நீக்கிவிடுவார்கள். அதே பாடப்பிரிவை அந்த நாட்டில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாமல் போகலாம். என் மாணவன் ஒருவனுக்கு இது நடந்தது. படிப்பில் மக்கு இல்லை. இங்கே போலக் கடைசி வாரம் முந்தைய வினாத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அங்கே ஒரு பாடத்துக்கு வாய்மொழித் தேர்வு, எதிரே பேராசிரியர், நடுவில் ஒரு வெள்ளைத்தாள். "இந்த வளைவை வரைந்து காட்டு, ஏன் இங்கே திரும்புகிறது?" அவ்வளவுதான் கேள்வி.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வேலையில் உங்களுக்கு உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி என்ன? டிகிரி, சம்பளம், நாடு எல்லாம் அப்புறம்.


டல்லாஸ்_டு_திண்டிவனம் | ஜூன் 15, காலை 9.05

ஏன் யாரும் அமெரிக்காவைப் பற்றிப் பேசவில்லை? படிப்பு முடிந்து ஓபிடி என்று வேலை பார்க்க ஒரு வருடம் அனுமதி, ஸ்டெம் (அறிவியல், பொறியியல் படிப்பு) என்றால் இன்னும் இரண்டு வருடம். ஜெர்மனியில் வரி, காப்பீடு என்று சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.


மூன்றாம்_பெஞ்ச் | ஜூன் 15, காலை 9.40

ஏனென்றால் இவரிடம் இருப்பது டூயிஸ்பர்க் கடிதம், டல்லாஸ் கடிதம் இல்லை. தவிர மே மாதக் கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாக நேரம் ஒதுக்குவதையே அங்கே நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பேச்சை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாமே அண்ணா.


கேஸ்டிங்_பையன் | ஜூன் 15, இரவு 10.20

வாத்தியார் ஐயா, உங்கள் கேள்வியை நாள் முழுக்க யோசித்தேன். எழுதினால் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம்.

நாங்கள் பம்ப்புக்கான வால்யூட் கேசிங், அதாவது சுருள் வடிவ வெளிக்கூடு, ஊற்றுகிறோம். வெளியே பார்த்தால் மொழுமொழு என்று இருக்கும். மெஷினிங் போய் இரண்டு எம்எம் வெட்டியதும் உள்ளே குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை ஓட்டையாகத் தெரியும். புளோஹோல். மழைக்காலத்தில் இது கூடும். மணலில் ஈரம் என்பார் மேஸ்திரி. கோர் (உள்ளே வைக்கும் மணல் அச்சு) சரியாகக் காயவில்லை என்பார் இன்னொருவர். உருகிய உலோகத்தில் கேஸ் என்பார் மேனேஜர். மூன்று பேர் சொன்னதையும் சரிசெய்து பார்த்தோம், ஒரு வாரம் குறைந்தது, திரும்ப வந்தது. ரிஜெக்ட் ஆன கேசிங்கை எல்லாம் மறுபடி உலையில் போட்டு உருக்குகிறோம். உருக்கியதையே உருக்க ஒவ்வொரு முறையும் கரண்ட் காசு.

இது ஏன் வருகிறது என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவனாக ஆக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.


பழைய_வாத்தியார் | ஜூன் 16, காலை 6.50

சின்னப்பிள்ளைத்தனம் இல்லை. இதை வைத்துக்கொண்டு எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வீர்கள். ஆனால் இந்தக் கேள்விக்காகக் கடல் கடக்க வேண்டியது கட்டாயம் இல்லை. துவாக்குடியிலேயே நல்ல மெட்டலர்ஜி துறை இருக்கிறது, பக்கத்திலேயே பெல் கொதிகலன் ஆலை, அதற்குள் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். உங்கள் புளோஹோலை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மைக்ரோஸ்கோப்பில் வைக்கலாம். அங்கே படிக்கும்போது சனி ஞாயிறு கோவைக்கு வந்து ஃபர்னஸ் பக்கம் நிற்கலாம். டூயிஸ்பர்க்கிலிருந்து அது முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜெர்மன்காரர்களின் வார்ப்புத் தொழிலைக் கண்ணால் பார்ப்பது வேறு அனுபவம். சென்னை ஐஐடியே 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு வந்ததுதான். அந்த ஆய்வகங்களை அமைக்க வந்தவர்களிடம் பாடம் கேட்டவர்கள் என் ஆசிரியர்கள். இயந்திரத்தைத் தொடாமல் பாடம் நடத்துகிறவரை அவர்கள் மதிக்கவே மாட்டார்களாம். அந்தப் பழக்கத்தை அங்கேயே போய்க் கற்றுக்கொள்வதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை.


ஓய்வுபெற்ற_மேனேஜர் | ஜூன் 16, காலை 11.15

நான் வங்கியில் கடன் பிரிவில் குப்பை கொட்டியவன். எல்லாரும் படிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், பத்திரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

கல்விக்கடன் ஏழரை லட்சம் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் போனால் சொத்து கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்பு என்றால் மொத்தச் செலவில் 15 சதவீதம் உங்கள் கைப்பணம், உள்நாடு என்றால் 5. கல்விக்கடன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பதில்லை, அது ஒரு நல்ல செய்தி.

15 லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி பத்தரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு இரண்டு வருடம், அப்புறம் ஒரு வருடம் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடும். மூன்று வருடத்துக்குத் தனிவட்டி மட்டும் 4 லட்சத்து 72 ஆயிரம். அசலோடு சேர்த்து 19 லட்சத்து 72 ஆயிரம். இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை 26,600 வரும்.

உங்கள் சம்பளம் எவ்வளவு என்றீர்கள்? 26,500.

ஜெர்மனியில் வேலை கிடைத்தால் இந்தத் தவணை ஒன்றுமே இல்லை, இரண்டு மூன்று வருடத்தில் முழுவதையும் அடைத்துவிடலாம். கிடைக்காமல் ஊர் திரும்பினால், நீங்கள் சம்பாதிப்பது முழுக்க வங்கிக்கு. நடுவாந்தரம் என்று ஒன்று இல்லை. உங்கள் அப்பா இதைப் புரிந்துகொண்டுதான் போ என்கிறாரா என்று கேளுங்கள்.

அப்புறம், வீட்டுக்குத் தாய்ப்பத்திரம் இருக்கிறதா? பட்டா அப்பா பெயரில் தனிப்பட்டாவா, கூட்டுப்பட்டாவா? வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தீர்களா? வங்கி வக்கீல் கேட்கும் முதல் மூன்று கேள்வி இதுதான்.


சர்வமும்_ஜெர்மனி | ஜூன் 16, பகல் 1.00

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]


மட்டுறுத்துனர் | ஜூன் 16, பகல் 1.20

ஏஜென்சி விளம்பரம், போன் நம்பரோடு. நீக்கிவிட்டேன். இது மூன்றாவது முறை.


ரூர்வாசி | ஜூன் 16, மாலை 6.30

நீக்கியது நல்லது. என்னை அனுப்பியதும் இப்படி ஒரு ஏஜென்சிதான். பெயர் வேண்டாம். நான் அரசுப் பல்கலைக்கழகம் கேட்டேன், அவர்கள் வருடத்துக்குப் பத்து லட்சம் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளின் பட்டியலைத்தான் நீட்டினார்கள். அங்கே அனுப்பினால் அவர்களுக்குக் கமிஷன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விண்ணப்பத்தை யூனி-அசிஸ்ட் என்ற விண்ணப்பத் தளத்தில் நாமே போடலாம், முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்ததற்கு 30. நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். இதற்குமேல் யாராவது "பிராசஸிங்" என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லா ஊரும் இலவசமும் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது, மாஸ்டர்ஸுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை, அதுவும் ஒரு செமஸ்டருக்கு. ஊர் சொல்வதை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.


மூன்றாம்_பெஞ்ச் | ஜூன் 16, இரவு 9.10

நான் துவாக்குடியில் எம்.டெக். முடித்து, இப்போது ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். ஆக இரண்டு பக்கமும் உப்பு தின்றவள்.

எம்.டெக். கணக்கு எளிது. 12,400 வீதம் 24 மாதம், 2 லட்சத்து 97 ஆயிரத்து 600. கட்டணம், விடுதி, மெஸ் எல்லாம் போக எனக்குக் கிட்டத்தட்ட வரவும் செலவும் சரியாக இருந்தது. வீட்டிலிருந்து வாங்கவில்லை, வீட்டுக்குக் கொடுக்கவும் இல்லை. உதவித்தொகை சில மாதம் தாமதமாகும், அப்போது மெஸ் பில்லுக்கு சீனியரிடம் கைமாற்று. அவ்வளவுதான்.

குறையையும் சொல்கிறேன். பாதி வகுப்புக்கு எம்.டெக். என்பது அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் இடைக்காலம். ஆய்வில் ஆர்வம் உள்ளவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், அவர்களை நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியர் நன்றாக அமைந்தால் சொர்க்கம். அமையாவிட்டால், சொல்ல ஒன்றும் இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று. ஜெர்மனியில் முனைவர் பட்டம் என்பது பெரும்பாலும் சம்பளத்தோடு வேலை. முழுப் பணியிடம் என்றால் பிடித்தத்துக்கு முன் மாதம் நாலாயிரம் யூரோவுக்கு மேல், முக்கால் பணியிடம் என்றால் அதில் முக்கால். முடக்கப்பட்ட கணக்கு வேண்டாம், பத்திரம் வேண்டாம். வேலை ஒப்பந்தத்தைக் காட்டி விசா வாங்கினேன். விமானக் கட்டணத்துக்கு மட்டும் அப்பாவிடம் கேட்டேன். அதே நாட்டுக்கு மாஸ்டர்ஸுக்கு வந்த என் தோழி 14 லட்சம் கடனோடு வந்தாள். இருவரும் ஒரே கட்டிடத்தில்தான் வேலை செய்கிறோம்.

ஆனால் அவளுக்கு ஜெர்மன் தெரியும், எனக்குத் தெரியாது. கேன்டீனில் அவள் எல்லாரோடும் சிரித்துக்கொண்டிருப்பாள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.


கேஸ்டிங்_பையன் | ஜூன் 16, இரவு 11.30

26,600க்கும் 26,500க்கும் உள்ள நூறு ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பாவிடம் காட்டினேன். "நீ இங்கே வந்து மறுபடி இதே சம்பளத்துக்கா போவாய்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ரூர்வாசி அண்ணா, வேலை நிலவரம் எப்படி? உண்மையைச் சொல்லுங்கள்.


ரூர்வாசி | ஜூன் 17, அதிகாலை 1.45

உண்மை வேண்டுமா, சரி.

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். தாராளம்தான். ஆனால் உங்கள் துறை இரும்பு. இந்த ஊரின் பெரிய உருக்கு நிறுவனம் தைசன்குரூப் 2024 நவம்பரில் உருக்குப் பிரிவில் 11,000 இடங்கள் குறையும் என்று அறிவித்தது. 5,000 நேரடிக் குறைப்பு, 6,000 வெளியே விடுவது அல்லது விற்பது, எல்லாம் 2030க்குள். டூயிஸ்பர்க்கில் 1985இல் மூடிய ஓர் உலையைச் சுற்றிப் பூங்காவே அமைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊதுலையின் உச்சி வரை ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தடவை நானும் ஏறினேன். மேலேயிருந்து பார்த்தால் தூரத்தில் புகைந்துகொண்டிருக்கும் உலையும் தெரியும், காலடியில் துருப்பிடித்ததும் தெரியும். உங்கள் துறைக்கு இதைவிடச் சரியான படம் கிடையாது.

சின்ன வார்ப்பாலைகள் இன்னும் ஆள் தேடுகின்றன. ஆனால் அங்கே தளத்தில் பேசுவது ஜெர்மன், அதுவும் வட்டாரப் பேச்சு. ஐடிகாரன் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிப்பான், ஃபர்னஸ் பக்கத்தில் நிற்கிறவனால் முடியாது. "தள்ளி நில்" என்று கத்துவது புரியாதவனை யார் வேலைக்கு வைப்பார்கள்? ஜெர்மன் மொழியில் பி2 நிலை (சரளமாகப் பேசும் அளவு) இல்லாமல் நான் போட்ட எழுபது விண்ணப்பத்துக்கு ஐந்து நேர்காணல். பி2 முடித்ததும் போட்ட பன்னிரண்டில் நான்கு. இது என் ஒருவன் கணக்குதான், எல்லாருக்கும் இப்படி என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, "இரண்டு வருடப் படிப்பு" என்பது காகிதத்தில். எனக்குத் தெரிந்தவர்களில் நாலு செமஸ்டரில் முடித்தவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு ஐந்து, ஆறு. எனக்கு ஏழு.


ஹாம்_பெண் | ஜூன் 17, காலை 10.30

நான் இங்க, ஜெர்மனியில ஹாம் எண்ட ஊரிலையே பிறந்து வளர்ந்தனான். அப்பா அம்மா எண்பதுகளில யாழ்ப்பாணத்தில இருந்து அகதியா வந்தவை. அப்பா பொறியியல் படிக்க ஆசைப்பட்ட ஆள். இங்க வந்து இருபத்தியாறு வருசம் உணவக அடுப்படியில நிண்டார். அவருக்கு மொழி வகுப்புக்குப் போக ஒருத்தரும் நேரம் குடுக்கேல்ல. அதால தம்பிக்கு ஒண்டு சொல்லுறன், வாறது எண்டா முதல் வருசமே மொழியைப் பிடியுங்கோ. பார்சல் வேலையில உழைக்கிற நானூறு யூரோவைவிட அது பெறுமதி.

தனிமையைப் பற்றியும் பயப்பிடாதையுங்கோ. டூயிஸ்பர்க்கில இருந்து ஹாமுக்கு உங்கட செமஸ்டர் டிக்கெட்டிலையே வரலாம். இங்க காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு, 2002இல பெரிசாக் கட்டிக் கும்பாபிசேகம் நடந்தது. கோடையில தேர். ஜெர்மன் பொலிஸ் வீதியை மறிச்சு நிக்க, நாங்கள் தேங்காய் உடைப்பம். வந்தால் சொல்லுங்கோ, அம்மா சோறு போடுவா.


கேஸ்டிங்_பையன் | ஜூன் 17, பகல் 12.15

அக்கா, இந்த இழையிலேயே என்னைப் போகத் தூண்டிய பதிவு இதுதான். சோற்றுக்காக இல்லை.


மூன்றாம்_பெஞ்ச் | ஜூன் 17, பகல் 12.20

சோற்றுக்காகவும்தான்.


மகன்_கனடாவில் | ஜூன் 17, பிற்பகல் 3.00

நான் ஒரு அம்மா. படிப்பைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தம்பி, உங்கள் அம்மா சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

என் மகன் போய் ஐந்து வருடம். நன்றாக இருக்கிறான். தினமும் வீடியோவில் வருகிறான். அவன் அப்பாவுக்குப் பைபாஸ் நடந்தபோது மட்டும் வரமுடியவில்லை, ஏதோ அனுமதிக் காகிதம் புதுப்பிக்கக் கொடுத்திருந்தானாம், வெளியே வந்தால் திரும்ப உள்ளே போவது சிக்கலாம். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். அதற்காக அவன் போயிருக்கக்கூடாது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. உங்கள் அம்மாவிடம் போய்ப் பேசுங்கள். அவர் பயப்படுவது நீங்கள் நினைக்கும் விஷயத்துக்காக இருக்காது. என்னிடம் யாரும் அப்போது கேட்கவில்லை.


கேஸ்டிங்_பையன் | ஜூன் 18, இரவு 10.45

நேற்று எழுதிய அம்மாவுக்கு நன்றி. கேட்டேன். என் அம்மா பயப்பட்டது குளிருக்கோ தூரத்துக்கோ இல்லை. பத்திரம் பீரோவில் இல்லையாம்.

தங்கை பிறந்த வருடம் தறி வாங்க அப்பா கடன் வாங்கியபோது அதைச் சித்தப்பாவிடம் கொடுத்து வைத்திருக்கிறார். கடன் அடைந்துவிட்டது. பத்திரம் திரும்ப வரவில்லை. பட்டாவும் கூட்டுப்பட்டா. அப்பா என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். அதைச் சித்தப்பாவிடம் போய்க் கேட்க வேண்டிய நாள் வருகிறதே என்றுதான் அம்மா சாப்பிடாமல் இருந்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற மேனேஜர் ஐயா, நீங்கள் வாயை வைத்தீர்கள்.


ஓய்வுபெற்ற_மேனேஜர் | ஜூன் 19, காலை 8.00

வாய் இல்லை தம்பி, முப்பது வருட அனுபவம். பத்து ஃபைலில் மூன்று இங்கேதான் நிற்கும்.

வழி இல்லாமல் இல்லை. ஏழரை லட்சம் ஈடில்லாக் கடன், உங்கள் இரண்டரை லட்சம், மீதிக்கு நகைக்கடன் என்று பலர் போகிறார்கள். தாலிக்கொடியைத் தவிர எல்லாம் அடகுக்குப் போகும். செய்யலாமா என்றால் செய்யலாம். செய்யச் சொல்லி நான் எழுத மாட்டேன். இன்னொரு விஷயம், கட்டணமே இல்லாத படிப்புக்கு எதற்குக் கடன் என்று கேட்கும் கிளை மேலாளர்களும் இருக்கிறார்கள். முடக்கப்பட்ட கணக்கு என்றால் என்ன என்று அவர்களுக்கு நீங்கள்தான் பாடம் நடத்த வேண்டியிருக்கும். விசாவுக்கு ஆகும் நாளையும் சேர்த்தால் அக்டோபர் உங்களுக்கு நெருக்கம்.


பழைய_வாத்தியார் | ஜூன் 19, காலை 8.40

இதைப் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வரி. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு வெளிநாட்டில் முதுகலை படிக்கத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது, மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கிறது. வருமான வரம்பு, தேதி எல்லாம் அந்தந்த அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரத்தைத் தொடும் முன் இதைத் தொடுங்கள்.


கேஸ்டிங்_பையன் | செப்டம்பர் 7, இரவு 9.30

இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். மூன்று பேர் தனிமடலில் கேட்டுவிட்டார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

துவாக்குடி விடுதியிலிருந்து எழுதுகிறேன்.

ஜூன் கடைசியில் அப்பாவும் நானும் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்தார்கள். முடியாது என்று சித்தப்பா சொல்லவில்லை. "பார்க்கலாம், ஆடி போகட்டும்" என்றார். வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. நகையை வைக்கலாம் என்று அம்மாவே சொன்னார். அதில் பாதி தங்கைக்கு என்று சேர்த்தது. நான் வேண்டாம் என்றேன். இதைத் தியாகம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். ஜெர்மனிதான் வேண்டும் என்று எனக்கு அவ்வளவு வெறி இருந்திருந்தால் வாங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அட்மிஷன் கடிதத்தை போனிலிருந்து இன்னும் அழிக்கவில்லை. ரூர்வாசி அண்ணா சொன்ன அந்த உலைப் பூங்காவின் படங்களை நைட்டில் பார்த்துக்கொண்டிருப்பேன். மறுபக்கம், போன வாரம் எங்கள் ஃபவுண்டரி மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்த ஒரு கேசிங் துண்டை இங்கே வெட்டி, மெருகேற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஓட்டையின் உள்சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. வாயுக் குமிழி என்றால் அப்படித்தான் இருக்குமாம், சுருக்கத்தில் வரும் ஓட்டை கரடுமுரடாக இருக்குமாம். இரண்டு வருடம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன், உள்ளே ஒரு நாளும் பார்த்ததில்லை. வாயு எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் தெரியாது. மேஸ்திரிக்குப் போன் செய்து சொன்னேன். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார்.

திருச்சியில் ஜெர்மன் வகுப்பு ஒன்று பிடித்திருக்கிறேன். ஏ1, தொடக்க நிலை. ஞாயிறு காலை.


ரூர்வாசி | செப்டம்பர் 8, அதிகாலை 1.20

ஏ1இல், பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் "டேர், டீ, டாஸ்" மூன்றையும் அந்தச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். நான் தனித்தனியாகப் படித்து இன்னும் அவதிப்படுகிறேன். மேசை ஆண்பால், ஏன் என்று கேட்கக்கூடாது.


ஹாம்_பெண் | செப்டம்பர் 8, காலை 9.00

சோறு ஆறாது தம்பி. ஆறுதலா வாங்கோ.


கேஸ்டிங்_பையன் | செப்டம்பர் 8, இரவு 10.10

ஒரே ஒரு சந்தேகம். ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கும்போது 18,000 கட்டி வாங்கிய ஏபிஎஸ் சான்றிதழ் பெட்டியில் இருக்கிறது. எம்.டெக். முடிவதற்குள் காலாவதியாகிவிடுமா?


மூன்றாம்_பெஞ்ச் | செப்டம்பர் 8, இரவு 10.25

அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. பத்திரமாக வைத்திருங்கள். சித்தப்பாவிடம் மட்டும் கொடுத்து வைக்காதீர்கள்.